சீர்த் தொட்டியும் முக்கால் சாண் மணலும்

புதிதாக மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிற தம்பி தங்கைகளே, செத்த மீனைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஒருவர் உங்கள் கடை வாசலில் வந்து நிற்கும்போது உங்கள் வாயில் முதலில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "இரையை அதிகமாப் போட்டுட்டீங்க" என்பீர்கள். அதைச் சொல்லாதீர்கள். நம் தொழிலில் இதைவிட வசதியான பொய் கிடையாது. எந்த வீட்டிலும் இரையை அளந்து போடுவதில்லை. அதனால் நீங்கள் சொன்னதும் அவர் தலையைச் சொறிவார், அந்த நேரம் பார்த்து நாம் ஒரு பெரிய பில்டரை எடுத்து மேசைமேல் வைப்போம். அவரும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

நான் அப்படி விற்கவில்லை. அதற்காக என்னைப் பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் 'தொட்டிக்காரக்கா கடை' என்று கேட்டால் பூக்கட்டுகிறவர்கள்கூடக் கை காட்டுவார்கள். பிழைக்கத் தெரியாமலா அத்தனை காலம் அங்கே உட்கார்ந்திருந்தேன்? முட்டி வலி வந்ததால் கடையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன். வாய்க்கு எந்த வலியும் இல்லை, அதனால் பேசுகிறேன்.

இன்றைக்கு உங்கள் போன் குழுக்களில் இரண்டு வேதவாக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பில்டர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. மணல் எவ்வளவு கனமோ அவ்வளவு அழகு. இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், எவ்வளவு பெரிய ஆள் வந்து சொன்னாலும் சரி. பில்டர் தன் வழியே வருகிற தண்ணீரைத்தான் சுத்தம் பண்ணும். மணலுக்கு அடியில் புதைந்து கிடக்கிற எச்சத்தையும் மிச்ச இரையையும் அது எட்டிக்கூடப் பார்க்காது. அடியில் எவ்வளவு போடுகிறோம் என்பதை முதலில் முடிவு பண்ண வேண்டும், பில்டர் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நான் கண்ட ஒரு சங்கதியைச் சொல்கிறேன். அதில் மீனுக்கு நேர்ந்ததைவிட ஒரு பெண்ணுக்கு நேர இருந்தது பெரிது.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு தாய்மாமன் கடைக்கு வந்தார். மருமகள் கோமதிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை சங்கர் நம் ஊரில் விசைத்தறி வைத்திருக்கிற வீட்டுப் பையன். பீரோ, கட்டிலோடு ஒரு மீன்தொட்டியும் சீராகப் போக வேண்டும் என்றார். மூன்றடித் தொட்டி, தங்கமீன்கள், உள்ளே மூழ்கி நிற்கிற ஒரு பில்டர், துணைக்குக் காற்று மோட்டாரில் ஓடுகிற ஒரு பஞ்சு பில்டர். அடியில் ஒரு விரற்கடைக்குப் பொடிக்கூழாங்கல் பரப்பினேன். கல் மணலைவிடப் பருமனாகவும் படுகை மெல்லியதாகவும் இருந்தால் அழுக்கு ஒளிந்துகொள்ள இடமிருக்காது. தங்கமீன் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம்.

மாமன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு முகம் தெளியவில்லை.

"தொட்டி நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா இதென்ன, அடியில நாலு கல்லு மட்டும் கெடக்கு? வண்டியில ஏத்திக் கொண்டு போவும்போது தண்ணியும் இருக்காது, மீனும் இருக்காது. சீர்ப் பாத்திரம்லா? வெறுமனயா அனுப்ப முடியும்?"

"அண்ணாச்சி, இது அண்டா இல்ல, அரிசி போட்டு அனுப்புததுக்கு. இந்தக் கல்லுக்கு மேல ஒரு பிடி கூடப் போடக்கூடாது, மீனுக்கு ஆவாது. அங்கன எறக்கினதும் எனக்கு ஒரு போன் போடுங்க, நானே வந்து மாட்டித் தாரேன்."

தலையை ஆட்டினார். நம் பக்கத்துத் தாய்மாமன் தலையை ஆட்டினால் சொன்னதைக் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தமில்லை, பேச்சை முடித்துக்கொண்டார் என்று அர்த்தம். போன் வரவில்லை. கல்யாணம் முடிந்து, தொட்டியும் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ஏறிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு சங்கர் அடிக்கடி கடைக்கு வர ஆரம்பித்தான்.

"ரெண்டு மீனு போயிட்டுக்கா. அதே நெறத்துல ரெண்டு குடுங்க."

"எப்படிப்பா போச்சு?"

"தெரியலக்கா. வெள்ளிக்கிழம நல்லாத்தான் நீந்துச்சு. சனிக்கிழம பாத்தா மல்லாந்து கெடக்கு."

"நான் வந்து தொட்டியப் பாக்கட்டா?"

"வேண்டாம்க்கா. அம்மா..." என்று இழுத்தான். பிறகு போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்காரர்கள் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே திணறிக்கொண்டிருந்தது, எனக்குக் கடையில் நிமிர நேரமில்லை. அந்த மாதம் முழுக்கச் சங்கர் மீன் வாங்க வரவில்லை. சரி, தொட்டி நிதானத்துக்கு வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். ஆடி போய் ஆவணியும் வந்தது. ஒரு நாள் காலையில் கோமதியும் அந்த மாமனும் கடைக்குள் ஏறி வந்தார்கள். மாமன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோமதி நேராகப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க குடுத்த தொட்டிதான் என்னய வீட்டுக்கு வெளிய நிறுத்தியிருக்கு. வாங்க, வந்து என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

விவரத்தைக் கேட்டு வாங்கினேன். அவள் தொட்டியைத் தொடும்போதெல்லாம் மறுநாள் மீன் செத்திருக்கிறது. அவள் இல்லாத ஆடி மாதம் முழுக்க ஒரு மீன்கூடச் சாகவில்லை. மாமியார் ஆவுடையம்மாள் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார். 'உயிரு தங்காத கை. கொஞ்ச நாள் அவுக வீட்டுலயே இருக்கட்டும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆடி முடிந்தும் அழைக்க யாரும் போகவில்லை.

"இப்ப உன்னயக் கூப்பிட்டாவளா?" என்றேன்.

"கூப்பிடல. என் வீட்டுக்கு நான் போவ எனக்கு எதுக்கு அழைப்பு?"

எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப்போய்விட்டது. ஆனாலும் கிளம்புவதற்கு முன், எனக்குச் சரக்குப் போடுகிற மதுரைக்காரரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டேன். தொழிலில் எனக்கு மூத்தவர், தொட்டி ஒட்டுவதிலிருந்து நோய் பார்ப்பது வரை அவரிடம்தான் எத்தனையோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அவர் சிரித்தார். "எதுக்குக்கா பெரிய ஆராய்ச்சி? புள்ளைக்கு இரை போடத் தெரியலன்னு சொல்லுங்க. வெளியில மாட்டுற பெரிய பில்டரா ஒண்ணத் தள்ளிவிடுங்க. பிரச்சினை முடிஞ்சிரும்" என்றார். யாருக்கு முடியும்? பழியை அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு நான் பில்டர் விற்றுவிட்டு வர வேண்டுமாம். மூத்தவர் என்றும் பார்க்காமல் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே பின்கட்டில் தறி ஓடுகிற சத்தம். கூடத்துத் தரை காலுக்கடியில் கிடுகிடுவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. ஆவுடையம்மாள் கோமதியை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்தம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை தறியையும் தன் கண்பார்வையில் வைத்து நடத்துகிறவர். எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஆள் ஒன்றைக் கவனித்துச் சொல்லும்போது ஊர் நம்பும், எனக்கே பயமாகத்தான் இருந்தது.

"தொட்டிக்காரம்மா, நான் யாரு சொல்லியும் பேசல. கண்ணால பாத்ததத்தான் சொல்லுதேன். இவ வெள்ளிக்கிழம தொட்டியில கைய வைப்பா, சனிக்கிழம மீனு மெதக்கும். ஆடி பூரா நான்தான் இரை போட்டேன். ஒண்ணு சாவலியே! பொய்யின்னா சொல்லுங்க."

கோமதியிடம் திரும்பினேன். "வெள்ளிக்கிழம என்ன பண்ணுவே?"

"வீடு கழுவுவேன்லாக்கா, அதோட தொட்டியையும் சுத்தம் பண்ணுவேன். மணல்ல அழுக்கு தங்கக்கூடாதுன்னு கரண்டிய விட்டு நல்லாக் கிளறி விடுவேன்."

"கேட்டியளா?" என்றார் ஆவுடையம்மாள். "அவ வாயாலயே சொல்லிட்டா."

இந்த இடத்தில்தான், புதியவர்களே, கவனமாக இருக்க வேண்டும். மாமியார் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. வாடிக்கையாளர் பொய் சொன்னால் சமாளிப்பது சுலபம். உண்மையைச் சொல்லி அதிலிருந்து தப்பான முடிவுக்கு வருகிறவர்களிடம்தான் நம் பாடு திண்டாட்டம். அந்த நேரத்தில் மறுத்துப் பேசக்கூடாது, தொட்டியைத்தான் பார்க்க வேண்டும். நான் 'மணல்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நான் போட்டது கல்லல்லவா?

தொட்டியின் அடிப்பக்கத்தைச் சுற்றிச் சரிகைப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. சீருக்காகப் பெண்வீட்டார் ஒட்டிய அலங்காரம், ஒரு சாண் அகலம். மேலே எட்டிப் பார்த்தால் வெள்ளை மணல் பளிச்சென்று இருக்கிறது. அது எவ்வளவு ஆழம் என்பது பட்டைக்குப் பின்னால். நான் யாரையும் கேட்கவில்லை. நகத்தை விட்டுப் பட்டையைக் கிழித்து இழுத்தேன். "தாயி, தாயி" என்று மாமன் பதறினார்.

முக்கால் சாண் மணல். மேலே கொஞ்சம்தான் வெள்ளை. அதற்குக் கீழே தார் பூசியது போலக் கறுப்பு, நடுநடுவே காற்றுக் குமிழ்கள். குழாய் ஒன்றை உள்ளே விட்டு அந்தக் கறுப்பில் கொஞ்சம் உறிஞ்சி ஒரு குவளையில் பிடித்து ஆவுடையம்மாளிடம் நீட்டினேன். மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முந்தானையால் பொத்தினார். அழுகின முட்டை நாற்றம்.

"நீங்க கண்டதெல்லாம் சரி" என்றேன். "இவ கிளறுனதும் மீனு செத்தது நெசம். ஆனா இவ கையில வெசம் இல்ல, மணலுக்குள்ள இருக்கு. பொடி மணலு, அதுவும் இவ்வளவு ஒசரம். உங்க தறி அதிருத அதிர்ச்சியில இன்னும் இறுகிப்போச்சு. உள்ள காத்துப் போவல, அழுக்கு அங்கனயே கெடந்து புளிச்சுப்போச்சு. ஆடியில யாரும் கிளறல, வெசம் அடியிலயே கெடந்துச்சு. வேற யாரு கிளறியிருந்தாலும் இதேதான். நீங்க கிளறியிருந்தாலும் இதேதான்."

"என் தறியக் குத்தம் சொல்லாதீய" என்றார். குரலில் பழைய வேகம் இல்லை. அடுத்து அவர் கேட்கப் போவது எனக்குத் தெரியும். அதையே கேட்டார். "அப்ப இந்த மணல யாரு போட்டா?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. பெண்ணின் கைமேல் இருந்த பழி போய்விட்டது, ஆனால் சீரில் குறை என்று ஆகிவிட்டால் பிறந்த வீட்டுக்குத் தலைகுனிவு. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் வைத்து ஒரு தாய்மாமனைக் காட்டிக்கொடுத்தால் அது காலத்துக்கும் சொல்லிக் காட்டப்படும். கடையிலேயே போட்டதுதான் என்று பழியை என் பக்கம் இழுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தியாகம் மாதிரித் தெரியும், ஆனால் அதுவும் பொய்தானே? ஒரு பொய்யில் மாட்டிய பெண்ணை இன்னொரு பொய்யை வைத்து எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. "மணலு கூடிப்போச்சு. யாரு போட்டாலும் கூடுதல் கூடுதல்தான்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன்.

மாமனே வாயைத் திறந்தார். "நாந்தான் போட்டேன் மதினி. இந்தம்மா வேண்டாம்னுதான் சொல்லிச்சு. சீர்ப் பாத்திரம் வண்டியில வெறுமனயா ஏறுதேன்னு மனசு கேக்கல. நெறய இருக்கட்டும்னு சலிச்சுக் கழுவி மணலப் போட்டேன். அடியில நம்ம கோயில் புத்து மண்ணும் ஒரு பிடி போட்டேன். புள்ளைக்கு ஒரு நோய்நொடி வரக்கூடாதுன்னு..."

ஆவுடையம்மாளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. "சாமி மண்ணயா மீனு எச்சத்துல போட்டீய? நெத்தியில வைக்கித மண்ண? பொறவு அந்த வீட்டுல எப்படி உயிரு தங்கும்?"

நல்லெண்ணத்தில் செய்தவரை இப்படிக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. "நெத்திக்கு அது மருந்து, மீனு செவுளுக்கு அது சேறு. மண்ணு மேலயும் தப்பில்ல, போட்டவுக மனசு மேலயும் தப்பில்ல. எடம்தான் தப்பு" என்றேன். அப்படியே மணலை அள்ளுவதற்கு வாளி கேட்டேன். "அதுல கைய வைக்காதீய, சாமி மண்ணு கெடக்கு" என்று அந்தம்மா குறுக்கே வந்தார். நானும் விடுவதாக இல்லை. இரண்டு கிழவிகளும் ஒரு மீன்தொட்டிக்கு முன்னால் மல்லுக்கு நின்றோம்.

அதற்குள் கோமதி புடவையை இடுப்பில் செருகிவிட்டாள்.

"எங்க மாமா எனக்காகப் போட்டாவ. ஆசையில கூடிப்போச்சு. அதுக்கு நான் வெக்கப்பட மாட்டேன் அத்த. இப்ப நானே அள்ளுதேன். சாமி மண்ணு கால் படாத எடத்துக்குப் போவும், பின்னால வேப்பமரத்து மூட்டுல கொட்டுதேன். அக்கா, எப்படி அள்ளணும்னு சொல்லுங்க."

"மொதல்ல மீன வெளிய எடு. மேல் தண்ணியக் கோரி டிரம்முல ஊத்தி, காத்துக் குழாயப் போட்டு, அதுல விடு. மீன உள்ள வச்சுக்கிட்டு மணலத் தொட்டே, இன்னைக்கே எல்லாம் போயிரும்."

செய்தாள். அதுவரை சுவரோடு சுவராக நின்ற சங்கர் ஏதாவது உதவ வேண்டுமே என்று பில்டர் பஞ்சை உருவிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். "ஏலே, நில்லு! அதக் குழாய்த் தண்ணியில கழுவுனா இருக்கிற ஒரே நல்லதும் போயிரும்" என்று கத்தினேன். தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களெல்லாம் அந்த அழுக்குப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. அதைக் கழுவிவிட்டு எவ்வளவு பெரிய பில்டர் மாட்டினாலும் வெறும் மோட்டார்தான் ஓடும். பையன் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து வைத்தான். பிறகு மணல் வாளியைத் தூக்க வந்து நின்றான். கோமதி அவனைப் பார்த்துக்கொண்டே வாளியைக் கொடுத்தாள்.

அள்ளி முடித்து, தொட்டியைக் கழுவி, பழைய கல்லை மட்டும் ஒரு விரற்கடைக்குப் பரப்பினோம். பில்டரை மாற்றவில்லை. பெரிதாக எதையும் விற்கவில்லை. புதிதாகத் தண்ணீர் ஊற்றி, நிதானமாகப் பழைய தண்ணீரைக் கலந்து, மீன்களை விட்டோம். அவை ஒரு மூலையில் போய் ஒடுங்கி நின்றன. அத்தனை நாள் சாக்கடையில் இருந்தவை. அவை பிழைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை.

ஆவுடையம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழம. நாளைக்குப் பாப்போம். மீனு உசுரோட இருந்தா இவ இங்கன இருக்கட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி ஈரக் கையோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அத்த, மீனு இருந்தாலும் இருப்பேன், செத்தாலும் இருப்பேன். தொட்டி சீராத்தான் வந்துச்சு. நான் சீரா வரல."

பின்கட்டில் தறி ஓடிக்கொண்டே இருந்தது. மாமன் துண்டால் கண்ணைத் துடைத்தார். ஆவுடையம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி அடுப்படிக்குள் போய் எங்களுக்குக் காப்பி போட ஆரம்பித்தாள்.

அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது தறிக்கணக்கும் அவள்தான் பார்க்கிறாள்.

மறுநாள் மீன் பிழைத்ததா என்று கேட்கப் போகிறீர்கள், எனக்குத் தெரியும். இதைச் சொல்கிற இடத்திலெல்லாம் யாராவது கேட்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். பிழைத்தது என்று சொன்னால், அப்பாடா, நல்ல பெண்தான் என்பீர்கள். ஆவுடையம்மாளும் அதைத்தானே சொன்னார்?